மேட்டூர் நீரில் பரிசலும் கடல் ஜிபிஎஸ்ஸும்

அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் நண்பரின் விசைப்படகில் மூன்று நாள் கடலுக்குப் போகிறேன். ஜிபிஎஸ் பார்ப்பது என் பொறுப்பாம். சேலத்துக்காரனுக்குப் பழகிப் பார்க்கக் கடல் ஏது? ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பழைய கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு, போன ஞாயிறு மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்குப் பைக்கை எடுத்தேன். ஜலகண்டாபுரத்தில் இட்லி. கொளத்தூருக்கு அப்பால், மேற்குக் கரையில் உள்ள பரிசல் துறையை ஒன்பது மணிக்கு அடைந்தபோது மீட்டரில் 74 கிலோமீட்டர். அங்கே மீன் பிடிக்கும் ராசாத்தி அக்கா, இரண்டு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார். என்னிடம் உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான் இருந்தது.

"நீங்க போட்டுக்கங்க, எனக்கு நீச்சல் தெரியுமுங்க" என்றார். எனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டேன்.

துறையை வேபாயிண்டாகப் பதிந்தேன். திரும்பி வரவேண்டிய இடத்துக்கு வைக்கும் குறி அது. நம்மிடமிருந்து அந்தக் குறி இருக்கும் திசை பேரிங். படகின் முகம் பார்க்கும் திசை ஹெடிங். படகு உண்மையில் நகரும் திசை கோர்ஸ். வட்டமான பரிசலுக்கு ஏது முகம் என்று அப்போது யோசிக்கவில்லை.

பத்தேகாலுக்கு, நாங்கள் நடுநீரில் இருந்தபோது, தெற்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. இரண்டு நிமிடத்தில் கரைகள் மறைந்துவிட்டன. பரிசல் சுழன்றது.

"ஏனுங்க, எந்தப் பக்கமுங்க?"

துறைக்கு 640 மீட்டர் என்றது திரை. கருவியின் அம்புக்குறி காட்டிய பக்கம் கையை நீட்டினேன். அக்கா துடுப்பை வலித்தார். 690. மறுபடி அம்பைப் பார்த்துக் கை காட்டினேன். 760. பரிசலுக்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

பிறகுதான் உறைத்தது. கருவிக்குள் திசைகாட்டி இல்லை. நகர்ந்த வழியை வைத்துத்தான் அது கணக்கிடும். நின்ற இடத்தில் சுழன்றால் அம்பு எங்கே வேண்டுமானாலும் காட்டும். ஆனால் பேரிங் எண் சரியாகவே இருந்தது: 265. அதாவது ஏறக்குறைய நேர் மேற்கு.

"அக்கா, காத்து தெக்கால இருந்துதானே?"

"ஆமாங்க, இன்னும் மாறலீங்க."

"அப்ப அது உங்க இடது கன்னத்துல அடிக்கிற மாதிரியே வலிங்க!"

அவர் வலித்தார். நான் தூரத்தை உரக்கப் படித்துக்கொண்டே, ஒரு கையால் தண்ணீரை இறைத்தேன். 740. 700. 610. முந்நூறில் அவர் சட்டென்று பரிசலைத் திருப்பினார்.

"நேராப் போனா பாறைங்க. சுத்தித்தான் போவோணும்."

கருவியில் அந்தப் பாறை இல்லவே இல்லை. பத்து ஐம்பத்தைந்துக்குக் கரை தட்டியது.

போகிறவர்களுக்கு: உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஐப்பசியில் வானம் கருத்தால் இறங்காதீர்கள். அம்பை நம்பாமல், பேரிங்கையும் தூரத்தையும் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதை அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள்.

கரையில் அக்காவுக்குத் திரையைக் காட்டினேன். நாங்கள் போன தடம் கோடாக விழுந்திருந்தது. நடுவில் நூல் சிக்குப்போல ஒரு கிறுக்கல். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இதை அழிச்சுப்போடுங்க சாமி. என்ற ஊட்டுக்காரரு பாத்தா, நாளைக்கு என்னய தண்ணியில எறங்க உடமாட்டாருங்க."

அழித்துவிட்டேன்.