நான்காக மடித்த துணி

நான் தமிழிலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கிணறு சிவந்தது. பின்புறம் வந்திருந்த சாயப்பட்டறையின் கழிவு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வயலெல்லாம் மனைகளாகிவிட்ட பின் அப்பாவுக்கு மிஞ்சியது அந்தக் கிணறு ஒன்றுதான். கோடைக்குள் தண்ணீர் தேறாவிட்டால் தூர்த்துவிட வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருந்தார்.

"கெணறு கீற ஊட்டுக்காரன் தண்ணி லாரி பின்னாடி கொடத்தத் தூக்கிகினு ஓடுவானா?" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சிவந்த நீரையே குடித்துவந்தார்.

விடுதியில் தங்கி வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த அண்ணன் ஒரு டப்பா வெள்ளைத் தூளைக் கொண்டுவந்தான். டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டில் வெண்மைக்காகச் சேர்ப்பதுதான். ஆனால் இது அதைவிடப் பல மடங்கு நுண்ணியது, நானோ அளவு என்றான். வெயில் பட்டால் சாயத்தை உடைத்துவிடுமாம். மொட்டைமாடியில் அகன்ற தட்டுகளில் கிணற்று நீரை ஊற்றித் தூளைக் கலந்தான். "செவப்பு போவுதான்னு மட்டும் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பினான்.

மறுநாள் மாலை சிவப்பு இல்லை. அப்பா தட்டருகே குந்தியவர் நெடுநேரம் எழவில்லை.

"இன்னாம்மா, தேறிச்சா?"

அந்தக் குரலில் அவ்வளவு ஆசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கலங்கிய தண்ணீருக்கு எங்கள் வீட்டில் ஒரே முறைதான்: பழைய வேட்டியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிப்பது. அதையே செய்தேன். துணியில் கொஞ்சம் வெண்மை படிந்தது. குடத்து நீரிலோ அரிசியை இரண்டாம் முறை கழுவியது போன்ற மங்கல் இருந்தது. தெளிந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன். சொம்பில் மொண்டு அப்பாவிடம் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் கொடுத்தேன்.

ஞாயிறன்று வந்த அண்ணன் குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"குடிக்கவா சொன்னேன்? அது துணியில நிக்காதுடி."

"உள்ள போனா இன்னா ஆவும்?" என்றேன்.

"தெரியல. யாரும் இன்னும் முழுசா பாக்கல."

அப்பா சிரித்தார். "இத்தினி மாசமா சாயத்தக் குடிச்சிகினு இருந்தனே, அப்ப எவனாவது வந்து வாணாம்னானாடா?"

அண்ணன் குடத்தின் வாயிலிருந்து துணியை அவிழ்த்தான்.

காய்ந்தால் பறந்து மூச்சில் போகும் என்று ஈரமாகவே தூளை வழித்து டப்பாவில் அடைத்தோம். சாக்கடையில் கொட்டினால் ஏரிக்குப் போகும் என்றான் அண்ணன். சித்திரை வந்தும் கிணற்று நீர் சிவப்பாகவே இருந்தது; செங்கல் உடைசலால் தூர்த்தார்கள். அப்பா அதைப் பார்க்க வெளியே வரவில்லை. மறுநாள் குடத்தோடு லாரியின் பின்னே நின்றார்.

இப்போது அவர் இருமும்போதெல்லாம் நான் படிப்பதை நிறுத்திவிடுகிறேன். சாயமா, தூளா, வெறும் தெருப்புழுதியா, யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. அந்த டப்பா இன்னும் பரண்மேல் இருக்கிறது. அதே துணியால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.