மாமனார் பேரில் ஒரு பட்டா

ஒரு தேசம் ஏன் முன்னுக்கு வருகிறது, இன்னொன்று ஏன் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பதற்குப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். திருவண்ணாமலை பக்கம் அடி அண்ணாமலையில் இருக்கும் சந்திரகலாவைக் கேட்டால், செத்துப் பதினொரு வருஷமான மாமனார் பேரில் இருக்கும் பட்டாவை எடுத்துக் காட்டுவாள்.

கணவன் போனபிறகு அவளுக்குச் சோறு போட்டது வேர்க்கடலை. வறுத்து, தோல் நீக்கி, கிரைண்டரில் வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, ரமணாசிரமம் பக்கம் கஃபே வைத்திருக்கும் அஜ்மலுக்குக் கொடுப்பாள். வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கும் வாங்கிப் போனார்கள்.

"மாசம் நூறு பாட்டில் குடுங்கக்கா, பக்கத்துக் கடைங்களுக்கும் நானே போடறேன்" என்றான் அஜ்மல். நூறு பாட்டிலுக்குப் பெரிய மெஷின் வேண்டும். மெஷினுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். இடம் உன் பேரில் இருக்கிறதா என்று கரண்ட் ஆபீஸில் கேட்டார்கள்.

இடம் அவளுடையதுதான், ஊருக்கே தெரியும். பாகம் பிரிக்கும்போது அவள் கணவனும் அவன் அண்ணன் ஆதிமூலமும் கற்பூரம் ஏற்றி, மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தார்கள். அதற்குமேல் எழுதி வாங்குவது அண்ணாமலையாரையே சந்தேகப்படுவது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தெருவில் பாதி வீடு இப்படித்தான். எல்லோரும் யோக்கியர்கள், யார் பேரிலும் ஒன்றுமில்லை. எந்தத் தொழிலும் ஒரு கிரைண்டரைத் தாண்டவில்லை.

"பங்காளி கையெழுத்து இல்லாம பேர் மாத்த முடியாதும்மா" என்றார்கள் தாலுகா ஆபீஸில். ஆதிமூலத்திடம் கேட்டாள்.

"மலைய பாத்து சொன்ன வார்த்த உனக்குப் பத்தலியாம்மா?"

"உங்கள நம்பாம இல்ல மாமா. ஆபீஸ்ல கேக்கறாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அவரோ அவள் இடத்துக்குள் ஒரு சாண்கூட வேலியை நகர்த்தியவரில்லை. கோடையில் தன் கிணற்றுத் தண்ணீரை அவளுக்கு விட்டவர். இந்த மனுஷனை என்னதான் செய்வது? இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

போன மாதம் அஜ்மல் கடை அலமாரியில் வேறு பாட்டில்கள் இருந்தன. கோயம்புத்தூர் சரக்கு. எவ்வளவு நாள்தான் அவனும் காத்திருப்பான்? அதில் ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினான். நன்றாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வாயில் வைத்தாள். நன்றாகவே இருந்தது. "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துதான் அழுதாள்.

ஒரு வாரமாகக் கிரைண்டர் சத்தம் கேட்காததை ஆதிமூலம் கவனித்திருக்க வேண்டும். அவராகவே வந்து பேனா கேட்டார். பேர் மாற்றும் மனுவில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். மலைப்பக்கம் அவர் திரும்பவே இல்லை. காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"இப்பவாவது என்ன நம்பறியாம்மா?"

நம்பாத நாளே கிடையாது மாமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அந்தக் காகிதத்தைப் பழைய பட்டாவோடு சேர்த்து மடித்து வைத்தாள்.