கழற்றாத கையுறை

அந்தக் கடற்கரையில் யாருக்குத் திருக்கை முள் குத்தினாலும், கத்தி வெட்டினாலும், முதலில் தேடுவது றஞ்சனியைத்தான். மீன் விற்றுக் குடும்பத்தைக் கரைசேர்த்தவள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் இரத்தத்தைக் கண்டு பின்வாங்கியவள் அல்லள். ஊரின் முதலுதவிக் குழுவுக்கு யாரும் அறிவிக்காமலே அவள்தான் தலைவி.

நிறஞ்சனா வந்தாள், வந்தது வினை! கிளிநொச்சியில் முதலுதவிப் பயிற்சி முடித்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரத்தம் பட்ட கையுறையை எப்படிக் கழற்றுவது, பிறகு கையை எப்படிக் கழுவுவது என்று கோயில் மண்டபத்தில் அவள் செய்துகாட்ட, சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. றஞ்சனிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஞாயிறு பூசை முடிய, குழுவுக்குத் தலைவியை முறையாகத் தெரிவுசெய்யப் போகிறார்களாம்.

"கயிறு இழுக்கிற சனத்துக்கு கிளவுஸ் போட இவ வந்து படிப்பிக்கிறாவாம்!" என்று நொடித்தாள். கடற்கரையில் கையுறை என்றால் போட்டவரின் கையைக் காப்பது. வேலை முடிந்து கரையேறும்வரை எவரும் கழற்றுவதில்லை. இதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலையில் மீனவன் மரியநேசனின் கெண்டைக்காலை நங்கூரம் கிழித்தது. றஞ்சனி பறந்து போனாள். கையுறையை மாட்டி, துணி வைத்து அழுத்தி, இறுக்கிக் கட்டினாள். இரத்தம் நின்றது. நிறஞ்சனா தானும் கையுறை போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். ஓட்டோவில் ஆளை ஏற்றியதும் அவள் கையுறையைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

றஞ்சனி கழற்றவில்லை. ஏன் கழற்ற வேண்டும்? சிவந்த கையை ஊர் பார்க்கட்டுமே! கட்டுப் போட்டது யாரென்று நன்றாகத் தெரியட்டுமே!

மரியநேசனின் மனைவி இராசாத்தி கைப்பிள்ளையோடு ஓடிவந்தாள். "அக்கா, நானும் இவரோட போறன். பிள்ளையைப் பிடியுங்கோ!"

ஊரே பார்க்க, தன்னிடம்! றஞ்சனிக்கு உச்சி குளிர்ந்தது. கைகளை நீட்டினாள்.

"றஞ்சனியக்கா, வேண்டாம்! உங்கட கிளவுஸ் முழுக்க இரத்தம்!" என்று நிறஞ்சனா குறுக்கே வந்தாள்.

"எரிச்சலடி உனக்கு! பிள்ளையை என்னட்டத் தாறா எண்டு எரிச்சல்!"

றஞ்சனி நீட்டிய கைகளை இராசாத்தி பார்த்தாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து ஓரடி பின்வாங்கினாள். "நீ பிடி நிறஞ்சனா" என்று கொடுத்துவிட்டு ஓட்டோவில் ஏறிக்கொண்டாள்.

சனம் றஞ்சனியின் சிவந்த கையுறையையே பார்த்தது. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருக்கலாம். எரிச்சல் யாருக்கென்று றஞ்சனிக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் பிள்ளை நிறஞ்சனாவின் தோளில் தலை சாய்த்ததைக் கண்டதும் அடக்கமுடியாமல் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.