மல்லிகா வீட்டு கோபர் கேஸ்

காலை ஏழேகாலுக்குத் தர்மபுரியில் டவுன் பஸ் ஏறினேன். அதியமான்கோட்டைக்கு ஏழு கிலோமீட்டர். எனக்குப் பத்து ரூபாய், பெண்களுக்கு இலவசம். ஆணாகப் பிறந்த பாவம் என்று கொடுத்துவிட்டேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இதே வழியில் கரண்டியும் ரசமட்டமும் கட்டிய சைக்கிளில் போவேன். சாண எரிவாயுக் கலன் கட்டும் மேஸ்திரி நான். ஊரில் அதற்கு கோபர் கேஸ் என்று பெயர். நான் தனியாகக் கட்டிய முதல் கலன் கோவிந்தன், மல்லிகா தம்பதி வீட்டில்தான். முதல் நாள் அந்த நீலத் தீயில் மல்லிகா வைத்த பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தக் கலனைப் பார்க்கத்தான் இப்போது சென்னையிலிருந்து வந்தேன்.

எட்டரை மணி. இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்ப் பார்த்தால், கலன் பக்கத்தில் மண் குவிந்திருந்தது.

"வாங்க மேஸ்திரி," என்றார் கோவிந்தன். "நாளைக்கு ஜேசிபி வருதுங்க, மூடிடலாம்னு இருக்கோம். பத்து நாளா கேஸே வரல."



"மூடிட்டா தக்காளிக்கு என்னத்த வுடுவாராம்?" என்றாள் மல்லிகா. "கலன்ல இருந்து வர்ற கரைசல்தாங்கண்ணா எங்களுக்கு உரம். நான் உர மூட்டை வாங்கி எத்தன வருசமாச்சு!"

சோதித்துப் பார்த்தேன்; கலனின் வளைவுக் கூரையில் விரிசல் இல்லை, குழாயில் அடைப்பும் இல்லை. பத்து நாள் முன்னால் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தாங்கண்ணா. வூடு, மாட்டுக்கொட்டாய் எல்லாம் ஃபெனாயில் ஊத்திக் கழுவுனேன்."

கொட்டாய் கழுவும் தண்ணீர் நேராகக் கலனுக்குள் விழும்படி கால்வாய் வைத்தவன் நான்தான். சாணத்தைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஃபெனாயிலில் செத்திருக்கும். கட்டிய அன்றைக்கு நான் இதைச் சொல்லி வைக்கவில்லை. மாட்டுக்கொட்டாய்க்கு யார் ஃபெனாயில் ஊற்றினார்கள் அப்போது!

பதினோரு மணி வரை மூவரும் பாதிக் கரைசலை இறைத்து வேலியோரம் கொட்டினோம். பக்கத்துத் தோட்டத்துக் கலனிலிருந்து இருபது குடம் கரைசல் வாங்கி ஊற்றி, புதுச் சாணமும் கரைத்து விட்டோம்.

"ஒரு மாசம் பொறுங்க," என்றேன்.

"வரலீன்னா?"

"நானே வந்து மண்ணு போடறேன்."

கோவிந்தன் யோசித்துவிட்டு ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கையெல்லாம் சாண வாசனை. கழுவ மனசு வரவில்லை. சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் காய்கறித் தோல் கறுப்புப் பையில் லிஃப்ட் ஏறி இறங்கிக் குப்பைக்குப் போகிறது. அடுப்புக்கு எங்கிருந்தோ சிலிண்டர் வருகிறது.

இருபத்துமூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அண்ணா, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிடுச்சுங்க!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"வெறும் தண்ணிலதாங்கண்ணா தொடச்சேன்," என்றாள் மல்லிகா.