நடுப் பெயரில் இருந்தவர்

டார்ம்ஸ்டாட்டில் எங்கள் ஆய்வகத்தில் பட்டியல் போடுகிறவள் நான். அதனால்தான் பக்கத்து மேசைக் கனடாக்காரர் தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவை, ஸ்கேன் செய்த பழைய பதிவேடுகளாக, என்னிடம் கொண்டு வந்தார். அந்த மனிதர் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றிலிருந்து கனடா போய், ஒரு கம்பெனிக்காக விலங்குத் தோல் மூட்டைகளைப் படகில் கொண்டு சென்றவர். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் ஆற்றங்கரையில் நிலம் பெற்று பார்லி விதைத்தார். இந்தச் சக ஊழியரின் அம்மா கனடாவில் இருக்கிறார், எண்பது வயது. தன் கணவரும் மகனும் அந்தப் படகோட்டியின் வம்சம் என்பதை ஆதாரத்தோடு காகிதத்தில் பார்க்க வேண்டும் என்றாராம்.

மூன்று வார இறுதிகளில் வம்ச அட்டவணை தயார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் நிலப் பத்திரத்தில் மட்டும் முழுதாக இருந்தது. மூன்று சொற்கள். முதலாவது அவருடையது, கடைசி குடும்பத்துடையது. நடுச் சொல்லை ‘தந்தை’ என்ற கட்டத்தில் போட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது; பெயரோடு ஒட்டி வருவது அப்பா பெயர். ஜெர்மன் அலுவலகங்களில் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நானும் எழுந்து போகிறேன்.

நடுச் சொல் படகோட்டியின் பெயர் அல்ல. ஆகவே கொள்ளுத்தாத்தா சொந்த மகன் அல்ல, எடுத்து வளர்த்த பிள்ளை. முடிவைத் தடித்த எழுத்தில் சக ஊழியருக்கு அனுப்பினேன். இணைத்திருந்த அட்டவணையை அவர் திறக்கவில்லை. என் அட்டவணைகளை யாரும் திறப்பதில்லை, நம்பிவிடுவார்கள். அன்றே அம்மாவுக்குச் சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டாராம்.

பத்து நாள் கழித்து, கேன்டீனில் அவர் பயணப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு நடுப் பெயர் இருந்தது.

“இது உங்க அப்பா பேரா?”

“இல்லையே, அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப் பேரு. எங்க வீட்ல மூத்த பையனுக்கு நடுவுல அதைத்தான் வைப்போம். ஏன், சாப்பிடலையா?”

உருளைக்கிழங்கைப் பச்சைச் சாஸோடு விட்டுவிட்டு மேசைக்குப் போனேன். படகோட்டி இருந்த அதே கம்பெனிக் கிட்டங்கியில், கொள்ளுத்தாத்தாவின் நடுச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு தச்சர் இருந்தார். படகோட்டி மணந்தது தச்சரின் மகளை என்று சர்ச் பதிவேட்டில் ஒரு வரி. அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மகள்’ என்று மட்டும். நான் ஒரு மனைவியை அழித்து, இல்லாத ஓர் ஆணை உருவாக்கியிருந்தேன்.

சக ஊழியரிடம் போய்ச் சொன்னதும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தன் அம்மாவின் எண்ணை அழுத்தி போனை என்னிடம் நீட்டினார்.

“நீதான் அந்த டேபிள் போட்ட பொண்ணா?”

“ஆமாங்க. தப்பு என்னோடது. அவர் படகோட்டிக்குப் பொறந்த மகன்தான்.”

“பத்து நாளா அந்தப் படகோட்டி மனுஷன் போட்டோவை சுவர்ப் பக்கமா திருப்பி வச்சிருக்கேன்.” பிறகு, மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். குடும்பப் பெயர் மட்டும்தான் கிடைத்தது, சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

“அப்ப அவளை முதல்ல எழுது. அவர் கீழே வரட்டும்.”

பிறந்த ஆண்டு தெரியாதவர்களை அட்டவணை தானாகக் கடைசிக்குத் தள்ளிவிடும் என்று விளக்கினேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். தானாக வரிசைப்படுத்துவதை நிறுத்திவிட்டு, அந்த வரியைக் கையால் மேலே இழுத்து வைத்தேன்.