நிழல் குறைந்த படம்

எங்கள் வீட்டில் நிழல் என்றால் காப்பிச் செடிக்கு மேலே நிற்கிற மரங்களின் நிழல்தான். வாழவந்தியில் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. ஒரு வருடம் அப்பா ஆர்வக்கோளாறில் மரக்கிளைகளை அளவுக்கு மிஞ்சிக் கழித்துவிட, அந்தக் கோடையில் காப்பி கருகி நின்றது. "நெழலக் கொறச்சுக் கெடுத்துப்போட்டீங்க" என்று அம்மா அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

எனக்கு எட்டு வயதாகும்போது அம்மாவுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை. அந்த ஆறு மாதமும் நான் பக்கத்து வீட்டுச் சித்தியோடுதான் படுத்தேன். ஓடிப்போய்ப் பேசினால் அம்மா முந்தானையால் வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்மேல் கோபம் என்றே முடிவுகட்டினேன். எதற்காக இருக்கும் என்று யோசித்ததில் என் தப்புகள் நிறையவே நினைவுக்கு வந்தன. சர்க்கரை டப்பாவில் கைவைத்தது அவற்றில் முதலிடம்.

கடைசி மாத்திரையும் முடிந்து, மூவரும் ஏற்காட்டுக்குப் போனோம். டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் வெளிச்சத்தில் மாட்டினார்.

"சளியில கிருமி இல்லைங்க. படத்துலயும் நெழல் நொம்பக் கொறஞ்சிருச்சு. இந்தக் கோடு மட்டும் நிக்கும். ஆறுன புண்ணோட தழும்பு அது, பயப்படாதீங்க."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அப்பாவையே பார்த்தேன். நிழல் குறைந்ததற்கு ஒருவர் கும்பிடுவாரா? அதுவும் அனுபவப்பட்டவர்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

"ஏஞ்சாமி அழுவுற?" என்றாள் அம்மா.

"நெழல் கொறஞ்சுதான நம்ம காப்பி கருகிப்போச்சு. நீயும் கருகிருவியா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அம்மா சிரித்தாள். "அது வேற, இது வேற கண்ணு. இந்த நெழல் கொறையறதுதான் நல்லது" என்று என்னை இழுத்து மடியில் வைத்து, முகத்தோடு முகம் சேர்த்துக்கொண்டாள். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று வருத்தம்தான். ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை.

பல வருடம் கழித்துச் சித்தி சொன்னாள். இரண்டாம் மாதமே சளிச் சோதனை சரியாகி, இனிப் பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாராம். அம்மாதான் படத்தைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று இருந்துவிட்டாள். மீதி நாலு மாதமும் யாரும் சொல்லாமலே அவள் என்னைத் தொடாமல் இருந்தாள். அது தெரியாமல், ஒருவழியாக என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த பஸ்ஸில் அவள் மடியில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.