மாமாவின் சட்டைப் பையில் ஒரு பின்

ஆகாய விமானம் என்பது ஒரே ஒரு ஊசியில் கோத்து வைத்த சாமான், அதை உருவிவிட்டால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அந்த ஊசி ஒரு சனிக்கிழமை காலை என் உள்ளங்கையில் இருந்தது என்பதுதான் தொல்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். மயிலாப்பூரில், சாந்தோம் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி, மீனம்பாக்கத்தில் ஒரு கொட்டகையில் விமானம் பழுதுபார்க்கும் வேலை பழகிக்கொண்டிருந்தார். பழகிக்கொண்டிருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதல் ஆறு வாரம் அவரை விமானத்தின் பக்கமே விடவில்லை. ஓர் இரும்புக் கட்டியைக் கையில் கொடுத்து, நாலு பக்கமும் சமமாக வரும்வரை அரத்தால் தேய்க்கச் சொன்னார்கள். மாமா தேய்த்தார். கட்டி சிறுத்துக்கொண்டே போனதே தவிர, சமமாகவில்லை. அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இரும்பைத் தேய்க்கிறதுன்னா இங்கயே தேய்ச்சிருக்கலாமேடா. என் அருவாமனையாவது கூராயிருக்கும்" என்றாள்.

பிறகு விமானத்தைத் தொட விட்டார்கள். அதோடு எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. கழற்றியவனே மாட்ட வேண்டும், மாட்டியதை இன்னொருவன் பார்க்க வேண்டும், பார்த்தவன் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். மாமா அதை ஸ்டவ்வுக்கும் கொண்டுவந்தார். அவர் ஸ்டவ்வைத் துடைத்து மாட்டுவார்; நான் குனிந்து பார்த்துவிட்டுக் காலண்டர் தாளின் பின்புறம் கையெழுத்துப் போடுவேன். நான் போட்ட பிறகுதான் காப்பி. அப்பாவின் சைக்கிளையும் ஒருநாள் அக்கக்காகக் கழற்றினார். தன் சைக்கிளுக்குப் பறக்கும் உத்தேசம் எதுவும் கிடையாது என்று அப்பா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

ஊசி என்று நான் சொன்ன அந்தப் பின்னைப் பற்றி எனக்குச் சொன்னதும் மாமாதான். விமானம் பறக்கும்போது உடம்பெல்லாம் உதறுமாம். உதற உதற, எவ்வளவு இறுக்கிய நட்டும் தானாகக் கழன்றுகொள்ளும். அதனால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே துளை போட்டு ஒரு பின்னைச் செருகுவார்கள். அம்மாவின் கொண்டை ஊசியைக் குட்டி போட வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சாமான். வாலுக்குப் போகும் கம்பியின் நட்டில் அது இல்லாவிட்டால், நட்டு கழன்று, கம்பி கழன்று, மூக்கைத் தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. இதைச் சொல்லும்போது மாமா கையை விமானமாக்கி எங்கள் கிணற்றுக்குள் இறக்கிக் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே இன்னொரு விஷயமும் சொன்னார். அவர் வாலில் வேலை பார்த்த விமானம் மறுநாள் பதினொரு மணிக்கு மேலே போகிறது. பழுதுபார்த்து முடித்த விமானம் முதல் தடவை கிளம்பும்போது, பழுதுபார்த்தவனும் அதில் ஏறிப் போக வேண்டும் என்பது அந்தக் கொட்டகையின் வழக்கம். சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது; உட்கார்ந்து காட்ட வேண்டும். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கழுத்தில் கிடந்த அந்தோனியார் பதக்கத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை துணி ஊறவைக்கும் நாள். மாமாவின் காக்கிச் சட்டைப் பைகளைக் காலி செய்வது என் உத்தியோகம். வேர்க்கடலைத் தோலும் பென்சில் துண்டும் வருகிற இடத்தில் அன்றைக்கு ஒரு பின் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, கொண்டை ஊசியின் குட்டி.

மாமா மாட்ட மறந்துவிட்டார். மறந்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ரசம் சாப்பிட்டு, தூங்கி, காலை ரயிலில் சாகப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்லலாம் என்றால் சத்தியம். அப்பாவோ பங்குச் சாமியாரைப் பார்க்க நடந்தே போயிருந்தார். வழக்கம்போல அந்தோனியாரைக் கூப்பிட்டேன். ஆனால் அவர் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். கண்டுபிடித்ததை உரிய இடத்தில் கொண்டுபோய் மாட்டுகிற புனிதர் யாரென்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். பின்னை வாயில் கடித்துக்கொண்டேன். அடையாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று என்னை மயிலாப்பூருக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. கிண்டியில் கவர்னர் காட்டு ஓரம் மான்கள் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊளையிட்டுக்கொண்டு போகும் இந்தப் பிராணி எந்த ஜாதி என்று பார்த்தன. வாயில் பின் இருந்ததால் அழுகை ஊளையாகத்தான் வந்தது. தலைக்கு மேல் எது இரைந்தாலும் மாமா விழுகிறார் என்று குனிந்தேன். ஒன்று காக்கைக் கூட்டம். இன்னொன்று மாவு மில். பரங்கிமலையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தேன். சைக்கிள் என்னைச் சரளையில் இறக்கிவிட்டது. முட்டியில் ரத்தம். பின்னை விழுங்கிவிட்டேனோ என்று அங்கேயே ஒரு தரம் செத்துப் பிழைத்தேன். கன்னத்துக்குள் இருந்தது.

மீனம்பாக்கத்துக் கொட்டகை வாசலை அடைந்தபோது உள்ளே விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. முன் இருக்கையில் தோல் தொப்பி போட்ட ஒரு தலை. மாமாவின் காது அந்தத் தொப்பிக்கும் அடங்காமல் வெளியே நின்றதால் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இன்னா நைனா, எங்க பூந்து போற?" என்று வாட்ச்மேன் என் சட்டையைப் பிடித்தார். வாயிலிருந்து பின்னை எடுத்து நீட்டி, மாமாவைக் காட்டி, மறுபடி பின்னைக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்த வளாகத்தில் கீழே கிடக்கும் ஆணியைக்கூட எடுத்துவந்து ஃபோர்மனிடம் காட்ட வேண்டும் என்று அவரையும் பழக்கி வைத்திருந்தார்களாம். பின்னோடு சேர்த்து என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஃபோர்மன் பர்மா யுத்தத்தில் விமானப் படையில் இருந்தவர். கட்டையான மனுஷர், எண்ணெய் பட்ட வேட்டித் துண்டு ஒன்று தோளில். பின்னைப் பார்த்தார். என் முட்டியைப் பார்த்தார். கையை உயர்த்தினார். விசிறி நின்றது.

மாமா இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் முகம் கோபத்தில் சிவந்தது. பின்னைக் கண்டதும் சிவப்பு இறங்கிவிட்டது.

"இது ஏன் உன் பையில இருந்துச்சு?"

"அது பழசு சார். கழட்டினது. புதுசு போட்டுட்டேன்."

கழற்றிய பழைய பின்னை மறுபடி மாட்டக் கூடாதாம். அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட வேண்டுமாம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. ஆனால் ஃபோர்மன் விடவில்லை.

"போட்டியா, போட்டேன்னு நெனைக்கிறியா?"

மாமா ஃபோர்மனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், ஏதோ பதில் என்னிடம் இருப்பதுபோல.

"தொறந்து பாரு" என்றார் ஃபோர்மன்.

வாலுக்கு அடியில் ஒரு தகட்டைக் கழற்றினார்கள். எல்லோருடைய கால்களுக்கும் நடுவே தலையை நுழைத்து நானும் பார்த்தேன். நட்டின் குறுக்கே புதுப் பின் பளபளவென்று இருந்தது. நான் ஓவென்று அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற, அதான் கீதே" என்று வாட்ச்மேன் என் தலையைத் தடவினார்.

ஃபோர்மன் தோள் துண்டை எடுத்துக் கைகளை வெகுநேரம் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அதில் எதையோ கோடு போட்டு அடித்தார். அன்றைக்கு விமானம் மேலே போகவில்லை. மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு கிண்டிவரை நடந்தே வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திங்கள்கிழமையிலிருந்து அவரை மறுபடியும் இரும்புக் கட்டி தேய்க்க உட்காரவைத்தார்கள். எல்லாம் என்னால் வந்தது என்று நான் ஒரு மாதம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பழைய பின்னுக்காகப் பரங்கிமலை தாண்டிப் போன பயந்தாங்கொள்ளி என்று அது குடும்பக் கதையாயிற்று. என் கல்யாணத்தில்கூட அம்மா அதைச் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள்; நான் ஊளையிட்டதை அப்பா நடித்தும் காட்டினார். நானே பத்து இடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மாமா மட்டும் அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அவரே சொன்னார். அந்தப் பின்னைத் துளையில் செருகினால் மட்டும் போதாது. மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் குறட்டால் பிடித்து ஆளுக்கொரு பக்கம் மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் உதறுகிற உதறலில் பின் நழுவி விழுந்துவிடும், அதன் பின்னாலேயே நட்டும். அந்த வெள்ளிக்கிழமை அவர் பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருகி, குறட்டை எடுக்கக் குனிந்தபோது சாயங்காலச் சங்கு ஊதியது. கையிலிருந்த பழையதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். மறுநாள் காலை ஃபோர்மன் எட்டிப் பார்த்து, பின்னின் தலை தெரிந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

தகட்டைத் திறந்தபோது பின் இருந்தது. அதன் கால்கள் இரண்டும் நேராக இருந்தன.